எதிர்நார்: தேர், உளி, குலத்தொழில் குறித்துச் சில குறிப்புகள்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் உளிப்பெட்டி என் கைக்கு வந்தது. பிரித்துக்கொள்ள வேறொன்றும் இல்லை; நாங்கள் இருந்தது வாடகை வீடு. ஆண்பிள்ளை நான் ஒருவன் என்பதால் பெட்டி எனக்கு என்றார் பெரியப்பா. அக்காவைக் கேட்க வேண்டும் என்று அங்கிருந்த யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதும்தான்.

பெட்டிக்குள் 23 உளிகள். பட்டை உளி, நகவுளி என்று நாலைந்துக்குத்தான் எனக்குப் பெயர் தெரியும். மற்றதையெல்லாம் அப்பா 'அந்தச் சின்னது', 'மூக்குக்கு வர்றது', 'நேத்து எடுத்தது' என்றுதான் கேட்பார். கேட்ட கணத்தில் சரியான உளியை எடுத்து நீட்டுகிறவள் அக்கா. நான் அப்போது உள்ளே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பேன்.

திருவண்ணாமலையிலும் சுற்றுக் கிராமங்களிலும் தேர் வேலை, வாகன வேலை செய்த தச்சரின் மகன் நான். இதைக் கேட்டதும் இலக்கிய நண்பர்களின் முகத்தில் ஒரு மரியாதை வந்துவிடும். 'பரம்பரைக் கலை' என்பார்கள், 'ரத்தத்தில் ஊறியது' என்பார்கள். ஒரு கூட்டத்தில் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தவர்கூட உண்டு. அந்தக் கைக்கு ஒரு நேர்க்கோடு செதுக்க வராது. உளியை வைத்தால் மரம் பிய்த்துக்கொண்டு வரும். ரத்தம் என்ற வாதத்துக்கு என் இரண்டு கைகளே மறுப்பு. அந்த மறுப்பிலிருந்து தொடங்கிச் சில விஷயங்களை யோசித்துப் பார்க்கிறேன்.

*

2024இல் அண்ணாமலையார் பெரிய தேரைச் சீரமைத்து நவம்பரில் வெள்ளோட்டம் விட்டார்கள். கார்த்திகைத் தீபத் திருவிழாவின் 7ஆம் நாள் ஐந்து தேர் ஓடுகிற ஊர் இது. பிள்ளையார், முருகர், அண்ணாமலையார், பராசக்தி அம்மன், சண்டிகேசுவரர். தேரில் பழுதான பாகங்களை மாற்றுவது புதிய விஷயம் இல்லை. அச்சு மாறும், சக்கரம் மாறும், பூதப்பாரில் உளுத்த கட்டை போய்ப் புதுக்கட்டை வரும். தாத்தாவின் அரிவாள் என்று சொல்லிக்கொண்டே பிடியையும் மாற்றி இரும்பையும் மாற்றிய குடியானவன் கதைதான். இந்தத் தேர் எந்த நூற்றாண்டு என்ற கேள்வியே அதனால் தப்பான கேள்வி ஆகிவிடுகிறது. வரலாறு எழுதுகிறவர்களுக்கு இது பெரிய சங்கடம். சங்கடத்தைத் தீர்த்துக்கொள்ள அவர்கள் கண்ட வழி, மரத்தை விட்டுவிட்டுக் கல்லுக்குப் போவது.

இந்தக் கோயிலைப் பற்றிப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1989 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டார்கள். கட்டடம், சடங்கு, ஊரமைப்பு எல்லாம் உண்டு. கல்வெட்டுகள் தனியாக 1990இல் அச்சாயின. நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் கல்லில் பெயர் வெட்டியவன் தானம் கொடுத்தவன். ஆடு கொடுத்தான், விளக்கு கொடுத்தான், நிலம் கொடுத்தான் என்று கல் பேசும். மரம் செதுக்கியவன் எதையும் கொடுத்தவனாகக் கணக்கில் ஏறவில்லை. அவன் உழைப்பு உளுத்தது, எரிந்தது, கழற்றி விறகானது. திருவாரூர் ஆழித்தேர் 1926இல் எரிந்துபோய், 1930இல் புதிதாகச் செய்யப்பட்டது. பிறகு நின்றுபோய், 1970இல் திருச்சி பெல் நிறுவனத்தின் இரும்புச் சக்கரத்தோடு மறுபடி ஓடியது. எரிந்த தேரோடு எத்தனை கைகளின் பழக்கம் எரிந்தது என்பதற்குக் கல்வெட்டு கிடையாது.

தேரைப் பற்றி நூல்களே இல்லை என்று சொல்ல வரவில்லை. மானசாரத்தின் 43ஆம் அதிகாரம் தேர் இலக்கணம் சொல்கிறது. ராஜு காளிதாஸ் தமிழகத் தேர்கள் பற்றி 1989இல் தனி நூலே எழுதினார். ஜார்ஜ் மிச்செல் தொகுத்த தென்னிந்திய மரச்சிற்பத் தொகுப்பு 1992இல் வந்தது. முதலாவதில் அளவு இருக்கிறது. மற்றவற்றில் எந்தப் பலகையில் எந்தக் கடவுள், என்ன முத்திரை, என்ன காலம் என்கிற வாசிப்பு இருக்கிறது. இலக்கணத்துக்கும் உருவத்துக்கும் நடுவில், உளியின் முனை மரத்தைத் தொடுகிற இடத்தில், ஒரு மௌனம். கலை வரலாறு என்ற சொல்லாடலே இந்த மௌனத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது என்பது என் சந்தேகம்.

ஆனால் அந்த இடம் வெறுமையானது இல்லை. படிக்கத் தெரிந்தவர்களுக்கு மரப்பரப்பே ஆவணம். உளியால் சுத்தமாக வெட்டிய பரப்பில் நார் அறுபட்டு நிற்கும். வெளிச்சம் பட்டால் ஒரு மினுமினுப்பு வரும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பரப்பில் நார் கசங்கிக் கிடக்கும், துளைகளில் தூள் அடைத்திருக்கும், வெளிச்சம் செத்திருக்கும். வார்னிஷ் பூசினால் தற்காலிகமாக மறையும், அவ்வளவுதான். பலகையின் முதுகைப் பார்த்தால் வாய்ச்சி இறங்கிய தழும்பு இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி, இது கை, இது கிரைண்டர், இது எந்திரம் என்று அப்பா சொல்வார். அக்காவும் சொல்வாள்.

*

சுத்தமான வெட்டு என்பது என்ன? இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். நம் பத்திரிகைகளில் அதிகாரம் பற்றி ஆயிரம் பக்கம் எழுதியாயிற்று. உளி பற்றி நாலு பக்கம் எழுதினால் குடி முழுகிவிடாது.

தொல்காப்பிய மரபியல், உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும் புறத்தில் வைரம் உள்ளதைப் புல் என்றும் பிரிக்கிறது. பனையும் மூங்கிலும் அந்தக் கணக்கில் புல். இலக்கணக்காரர் எழுதிய விதிதான், ஆனால் அதைக் கண்டுபிடித்தது கோடரி பிடித்த கை என்று நான் நினைக்கிறேன். வெட்டிப் பார்க்காதவனுக்கு வைரம் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

தேர்ச் சிற்பத்துக்கு இலுப்பையை விசேஷமாகச் சொல்வார்கள். வேங்கையும் தேக்கும் உண்டு. காய்ந்த தேக்கு ஒரு கன மீட்டர் சுமார் 650 கிலோ; இலுப்பை 900 கிலோவை ஒட்டி வரும். தேக்கு வெட்ட இலகு, ஆனால் அதில் மணற்சத்து இருப்பதால் உளியின் முனையைத் தின்னும். வேங்கையில் நார் ஒரு அடுக்கு இப்படியும் அடுத்த அடுக்கு அப்படியுமாகப் பின்னிக் கிடக்கும். ஒரே திசையில் உளி ஓட்டினால் பாதி வழுவழு, பாதி பிசிறு. இலுப்பை இறுகிய மரம். கையை ஒடிக்கும், ஆனால் இறுக்கம் இருப்பதால்தான் மிளகளவு முத்தைக்கூடத் தாங்கும். மெத்தென்ற மரத்தில் அந்த முத்து உதிர்ந்துவிடும்.

அடிமரத்தை அறுக்கும்போது நடுநெஞ்சை ஒதுக்க வேண்டும். காயும்போது மரம் வளையத்தின் சுற்றுப்போக்கில் சுருங்குவது, நெஞ்சிலிருந்து பட்டைக்குப் போகும் போக்கில் சுருங்குவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த இழுபறி நெஞ்சை நோக்கி வெடிப்பாக இறங்கும். "நெஞ்சு வெச்சி சாமி செஞ்சா சாமி வெடிச்சிடும்டா" என்பார் அப்பா. வெட்டுமுகத்தில் சாணி பூசி நிழலில் கிடத்துவார். முழுக்கக் காயவிட்டுத் தொடங்க மாட்டார். மரத்தின் ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்க இறங்கக் கடினம் ஏறும். அரை ஈரத்தில் கரடு வேலையை முடித்துவிட்டு, மாதக்கணக்கில் விட்டு, காய்ந்த பிறகு நுணுக்கத்துக்கு உட்காருவார். அந்த இடைவெளியில் வீட்டில் கடன். பொறுமை என்பது சிற்பியின் குணம் என்று எழுதுகிறவர்கள் யார் வட்டி கட்டினார்கள் என்றும் எழுத வேண்டும்.

கோடு கீறியதும் கோட்டின் வெளிப்பக்கம் ஒரு நிறுத்து வெட்டு. இதை அப்பா வேலி என்பார். வேலி போட்ட பிறகுதான் வயலில் இறங்கணும். வேலி இல்லாமல் பின்னணியைச் செதுக்கினால் நார் ஓடிப்போய் உருவத்தின் காதைப் பிய்த்துக்கொண்டு நிற்கும். அந்த வெட்டும் செங்குத்தாக இருக்கக் கூடாது. உருவத்தின் அடி அகலமாகவும் விளிம்பு ஒடுங்கியும் வருமாறு கொஞ்சம் சாய்ந்து இறங்க வேண்டும். இல்லாவிட்டால் மெல்லிய விளிம்பு பின்னால் ஒரு தட்டில் ஒடிந்துவிடும்.

அடுத்தது நாரோட்டம். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வெட்டு, பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறாதே. இதுதான் மொத்த விதியும். எழுதிக்கொள்ள ஒரு வரி. ஆனால் ஒரு தாமரை வட்டத்தைச் செதுக்கும்போது ஒவ்வொரு கால்வட்டத்திலும் நாரின் திசை மாறுகிறது. இரண்டு கால்களில் வலமாக வெட்டினால் சுத்தம், மற்ற இரண்டில் இடமாக. குழியைச் செதுக்கும்போது இரண்டு கரையிலிருந்தும் இறங்கி நடுவில் சந்திக்க வேண்டும். சந்திக்கிற இடம் தெரியாமல் முடிக்க வேண்டும். முடிச்சு வந்தால் எல்லா விதியும் தலைகீழ். எதிர்நாரில் உளி இறங்கினால் அது முனைக்கு முன்னால் பிளந்துகொண்டே போகும். மரம் தன் போக்கில் கிழியும், உளி சும்மா பின்னால் போகும். அப்பா அதைக் கண்ணால் கண்டுபிடிக்கவில்லை, காதால். சுத்தமான வெட்டுக்கு 'சர்ர்' என்று ஒரே ஒலி. எதிர்நாருக்கு 'டிக், டிக்' என்று உடைகிற ஒலி. உள்ளறையில் எனக்கும் கேட்கும். எனக்கு அது வெறும் சத்தம்.

கொட்டாப்புளியால் ஓங்கி அடிப்பது கரடு வேலைக்கு மட்டும். கடைசி வெட்டுக்குக் கையழுத்தம் போதும். அதிலும் நேராகத் தள்ளக் கூடாது, முனையைக் கொஞ்சம் பக்கவாட்டில் இழுத்தபடி தள்ள வேண்டும். "அருவாமணைல கத்திரிக்கா அரியறச்ச அமுக்கறியா, இழுக்கறியா?" என்று அக்காவிடம் கேட்டார் ஒருநாள். எனக்குச் சொல்லித்தர அவர் உவமை தேடியதில்லை. ஒரு கை தள்ளும், மற்ற கை உளியின் கழுத்தைப் பிடித்துத் தடுக்கும். தள்ளுகிற கையைத்தான் பார்க்கிறவர்கள் பார்ப்பார்கள். தொழில் இருப்பது தடுக்கிற கையில்.

தேரிலும் அதேதான். ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடிக்கிறார்கள், அதுதான் புகைப்படம். சக்கரத்தடியில் ஓடி ஓடி முட்டுக்கட்டை போடுகிற நாலைந்து பேர், பெரும்பாலும் தச்சர்கள், உயிரைப் பணயம் வைத்துத் தேரைத் திருப்புகிறார்கள், நிறுத்துகிறார்கள். அவர்கள் கருவியின் பெயரை நம் மொழி எப்படி எடுத்துக்கொண்டது பாருங்கள். முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை என்கிறோம். கட்டை போடாத தேர் எங்கே போய் முட்டும் என்று யோசிப்பதில்லை.

*

இவ்வளவு சொன்னேன், முக்கியமானதை இன்னும் சொல்லவில்லை. சுத்தமான வெட்டில் பாதி வேலை உளி மரத்தைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. தீட்டுவதில். மென்மரத்துக்கு முனை 20 பாகைச் சாய்வில் இருக்கலாம். இலுப்பைக்கு 25க்கு மேல், 30 வரை வேண்டும். அதைவிட மெலிந்தால் முனை பொடியும், தடித்தால் வெட்டாமல் நசுக்கும். சாணைக்கல்லில் சாய்வைக் கொண்டுவந்து, எண்ணெய்க் கல்லில் தீட்டி, மறுபக்கம் எழும் பிசிறைத் தோல்வாரில் முன்னும் பின்னும் இழுத்து உதிர்க்க வேண்டும். நகவுளி என்றால் வளைவு முழுக்க ஒரே சீராக மணிக்கட்டை உருட்டிக்கொண்டே தீட்ட வேண்டும். கொஞ்சம் அசந்தால் நடுவில் பல் விழும். பதம் பார்க்க, கல்யாண முருங்கைக் கட்டையின் குறுக்குவெட்டில் ஒரு சீவு. மென்மரத்தின் குறுக்குநாரைக் கசக்காமல் பளிச்சென்று வெட்டினால் உளி தயார். வெட்டில் வெள்ளையாக ஒரு கீறல் ஓடினால் முனையில் எங்கோ பல்.

எங்கள் வீட்டில் இதைச் செய்தது அக்கா. அதற்கு முன் அம்மா. மாவரைப்பது, அம்மி அரைப்பது, உளி தீட்டுவது. மூன்றும் கல்லில் நடக்கிற பெண்பிள்ளை வேலை என்று ஒரே கணக்கில் போனது. கூலி பேசும்போது 'ஒரு ஆள் தச்சு' என்று ஒரு கூலிதான். சிற்பி என்ற சொல்லுக்குள் அக்கா வரவில்லை. கடைசிச் சீவலில் மரம் மினுங்கியதே, அந்த மினுக்கம் யாருடையது?

அம்மன் தேரைப் பெண்களே இழுக்கிற ஊர் திருவண்ணாமலை. அதைப் பெருமையாகத்தான் சொல்வோம். இழுக்கலாம். செதுக்கிய பலகையின் மேல் ஏறி நின்று வேலை பார்க்க அக்காவை ஒருநாளும் தேர்நிலைக்கு அனுப்பவில்லை.

அப்பாவுக்கு உப்புத்தாள் பிடிக்காது. தேய்த்தபின் துளைகளில் மாட்டிய மணல், அடுத்து உளி வைத்தால் முனையைக் கெடுக்கும் என்பது அவர் சொன்ன காரணம். இன்னொரு காரணம் அவருக்குத் தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உறுதியான முதல் பிரிவில் சேர்த்தது. மூக்குப் பகுதிப் புற்று. கடின மரத்தூள்தான் முக்கியக் காரணி. உளிச் சீவல் காலடியில் விழும். கிரைண்டர் தூள் நெஞ்சுக்குள் போகும். ஆகவே சுத்தமான வெட்டு என்பது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. எந்திரமே கூடாது என்று சொல்ல நான் யார்? கணினி சொன்னபடி செதுக்கும் எந்திரம் ஒரே அச்சில் நூறு பிள்ளையாரைக் கொடுக்கும், முதுகு வலிக்காது. முகமூடியும் தூள் உறிஞ்சியும் இல்லாத பட்டறையில் அதை யார் இயக்குகிறார் என்பதுதான் கேள்வி.

*

சீனத்து சுவாங் ட்சுவில் ஒரு கதை வருகிறது. அரசன் மேலே உட்கார்ந்து படிக்கிறான். கீழே சக்கரத் தச்சன் வேலை செய்கிறான். படிப்பது செத்த பெரியவர்களின் வார்த்தை என்று தெரிந்ததும், அப்படியானால் நீங்கள் படிப்பது சக்கை என்கிறான் தச்சன். அரசனுக்குக் கோபம். தச்சன் விளக்குகிறான்: வெட்டு மெதுவாகப் போனாலும் நிற்காது, வேகமாகப் போனாலும் பொருந்தாது, இரண்டுக்கும் நடுவில் உள்ளது கைக்குத் தெரியும், வாய் சொல்ல முடியாது, என் மகனுக்குக்கூட என்னால் தர முடியவில்லை, அதனால் எழுபது வயதிலும் நானே செதுக்குகிறேன். மைக்கேல் பொலானி 1958இலும் 1966இலும் எழுதியதன் சாரமும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. சொல்ல முடிவதைவிட அதிகம் நமக்குத் தெரியும்.

இந்தக் கதையை நான் பல கூட்டங்களில் ரசித்துச் சொல்லியிருக்கிறேன். இப்போது கொஞ்சம் உறுத்துகிறது. சொல்ல முடியாது என்பது ஒன்று. யாருக்குக் காட்டுவது, யாருக்குக் காட்டாமல் விடுவது என்பது வேறொன்று. முதலாவது அறிவின் இயல்பு. இரண்டாவது அதிகாரம். கையறிவு வாய்க்கு வராது என்ற உண்மையின் நிழலில்தான், அது ரத்தத்தில் வருகிறது என்ற பொய் வசதியாகக் குடியேறிவிட்டது.

இந்தப் பொய்க்கு நீண்ட வரலாறு. எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகள் 1909இல் வந்தன. தச்சர், கொல்லர், கன்னார், தட்டார், கல்தச்சர் ஐவரையும் கம்மாளர் என்ற தலைப்பில் அடுக்கினார். அதே 1909இல் ஆனந்த குமாரசாமியின் 'இந்தியக் கைவினைஞன்' லண்டனில் வெளியானது. ஒருவர் மண்டையை அளந்தார், ஒருவர் ஆன்மாவை அளந்தார். குமாரசாமிக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும்: 1908இல் இலங்கைக் கலை பற்றி எழுதிய பெரிய நூலில் கருவிகளையும் வேலைமுறைகளையும் அக்கறையாகப் பதிந்தவர் அவர். ஆனாலும் குலம், தந்தை, கடமை என்ற சட்டகத்துக்குள் வைத்தால்தான் அவருக்குக் கைவினைஞன் முழுமையாகத் தெரிந்தான். சட்டகத்துக்கு வெளியே விழுந்தவர்கள் அவர் கண்ணில் படவில்லை.

கம்மாளர் தரப்பிலிருந்து பார்த்தால் கதை இன்னும் சிக்கல். கரூர்க் கல்வெட்டொன்றில், வெங்கால நாட்டுக் கம்மாளர் நன்மை தீமைக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது செருப்புப் போடலாம், வீட்டுக்குச் சாந்து பூசலாம் என்று அரசன் அனுமதி தருகிறான். அனுமதி தர வேண்டியிருந்தது என்றால் அதுவரை என்ன நிலை? கோயிலைக் கட்டியவனுக்குத் தன் வீட்டுச் சுவரில் சாந்து பூச அரசாணை வேண்டியிருந்திருக்கிறது. 1818இல் சித்தூர் அதாலத்தில், எங்கள் சடங்கை நாங்களே செய்துகொள்வோம் என்று பிராமணர்களை எதிர்த்து நின்று தீர்ப்பு வாங்கியதும் இவர்கள்தான். இடங்கை, வலங்கைச் சண்டைகளில் அடிபட்டவர்கள்.

அடிபட்டவர்கள் எல்லோரும் அடிக்காதவர்கள் இல்லை. அப்பாவின் மார்பில் பூணூல் இருந்தது. சித்தூர்த் தீர்ப்பைப் பற்றிப் பேசும்போது அவர் குரலே மாறிவிடும். அதே அப்பா, மரம் அறுக்க வந்தவருக்குக் கொட்டாங்குச்சியில் தண்ணீர் ஊற்றியதை நான் பார்த்திருக்கிறேன். இழுவாள் போடும்போது மேலே ஒருவர், கீழே குழியில் ஒருவர். கீழே நிற்பவர் சேரியிலிருந்து வருவார்; அவர் கண்ணில்தான் தூள் விழும். நெஞ்சு எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது என்று அப்பாவுக்கு முன்னால் சொல்கிறவர் அவர். "இது வளைஞ்சிகினு போவுது ஆச்சாரி, கொஞ்சம் தள்ளி வை" என்று குழியிலிருந்து குரல் வரும். அப்பா தள்ளி வைப்பார். அந்த அறிவை ஏற்றுக்கொண்டார். அந்தக் கையில் உளியைக் கொடுக்கவில்லை.

சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டும் அல்ல, வேலை செய்பவர்களையே அடுக்கடுக்காகப் பிரித்து வைப்பது என்று அம்பேத்கர் 1936இல் வாதிட்டதற்கு எங்கள் அறுப்புக்குழியை விடத் துல்லியமான வரைபடம் எனக்குத் தெரியவில்லை. மேலே ஒரு கை, கீழே ஒரு கை, உள்ளே கல்லில் ஒரு கை. மூன்று கையும் சேர்ந்து ஒரு வெட்டு. பெயர் ஒருவருக்கு. செதுக்கிய சாமி தேரேறியதும் அவரும் கீழேதான். வடத்தைத் தொடும் உரிமையே இன்னொரு நீண்ட போர். கண்டதேவித் தேர் நீதிமன்றப் படியேறி, பல ஆண்டுகள் நின்று, 2024 ஜூன் 21இல்தான் மறுபடி ஓடியது.

*

அப்பா எனக்கு ஏன் சொல்லித்தரவில்லை? இதற்கும் ஒரு வருஷம் உண்டு: 1953. ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெரியார் இயக்கம் எதிர்த்தது. காமராசர் வந்து 1954இல் அது கைவிடப்பட்டது. அப்பா அப்போது கிராமத்துப் பள்ளியில் ஒன்பது வயதுப் பையன். மத்தியானத்துக்கு மேல் தாத்தாவோடு பட்டறை. திட்டம் போனது, ஆனால் அவர் பள்ளிக்குத் திரும்பவில்லை. "எங்கப்பா கைல உளி குடுத்தாரு, கவர்மெண்டும் அதையே குடுத்துச்சி. நீ அதத் தொடாதே" என்று என்னிடம் சொன்னார். என்னை உள்ளறைக்கு அனுப்பியது அவருடைய அரசியல். நான் சம்பளக்காரனானேன், எழுத்தாளனானேன். அவர் செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அதனால்தான் 2023 செப்டம்பர் 17இல் ஒன்றிய அரசு பிஎம் விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியபோது, 18 தொழில்களின் பட்டியலில் தச்சைப் பார்த்ததும் எனக்கு அப்பாவின் குரல் கேட்டது. குடும்ப வழித் தொழில் என்ற நிபந்தனையை நீக்கச் சொல்லி, குறைந்தபட்ச வயதை 35 ஆக்கச் சொல்லித் தமிழக அரசு கேட்டது; இருக்கிற வடிவில் ஏற்க முடியாது என்று 2024 நவம்பரில் கடிதம் எழுதியது. 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. குடும்ப வழி என்ற நிபந்தனை இல்லை, வயது 35. எதிர்த்தது நியாயம். நானும் கையெழுத்துப் போட்டவன்.

ஆனால் நம் தரப்பிடம் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. குலத்தை மறுத்தோம், சரி. அந்த அறிவை என்ன செய்தோம்? கடன் திட்டம் உளி வாங்கிக் கொடுக்கும், பதம் வாங்கிக் கொடுக்காது. 2020இல் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கும் 2021இல் பக்கத்துக் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊரின் பெயரைக் காக்கும், வெட்டைக் காக்காது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்கக்கூடிய மாமல்லபுரம் கல்லூரி 1957லிருந்து இருக்கிறது, மரச்சிற்பமும் சொல்லித்தருகிறார்கள். மாவட்டத்துக்கு ஒன்று ஏன் இல்லை என்று நாம் எத்தனை மாநாட்டில் தீர்மானம் போட்டோம்? மூளை உழைப்பும் உடலுழைப்பும் பிரிந்த வரலாற்றை சோன்-ரெத்தல் எழுதினார் என்று மேற்கோள் காட்டினோம். காட்டிவிட்டுப் பிரிவின் இந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டோம். கையை மொத்தமாகப் 'பாரம்பரியம் அழிகிறதே' என்று ஒப்பாரி வைப்பவர்களிடம் விட்டுவிட்டோம். அவர்கள் ஒப்பாரியில் குலம்தான் இருக்கிறது, கூலி இல்லை, சாணைக்கல் இல்லை, குழியில் நின்றவர் இல்லை.

*

போன தையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போளூருக்குப் போனேன். அக்கா அங்கே தையல் கடை வைத்திருக்கிறாள். அந்தத் தெருவில் எல்லோருடைய கத்தரிக்கோலும் அவளிடம்தான் பதம் பார்க்க வரும் என்று போன பிறகுதான் தெரிந்தது. பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தாள். என்னைப் பார்க்காமலே, "இன்னாடா, துரு புடிக்க வுட்டுட்டே" என்றாள்.

கடையில் துணி வெட்டப் பழகுகிற பெண் ஒருத்தி இருந்தாள், பதினெட்டு வயது இருக்கும். அக்கா எண்ணெய்க் கல்லை எடுத்துவரச் சொன்னாள். நடு நகவுளியை எடுத்து, மணிக்கட்டை உருட்டி, நாலு இழுப்பு இழுத்துக் காட்டிவிட்டு அவள் கையில் கொடுத்தாள். அந்தப் பெண் என்ன ஆளுங்க என்று அக்கா எனக்குச் சொல்லவில்லை; நானும், பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

பெட்டியின் அடியில் இலுப்பைத் துண்டு ஒன்று கிடந்தது, அப்பா பாதியில் விட்ட தாமரை. தீட்டி முடித்த உளியை வைத்து அந்தப் பெண் ஒரு வெட்டு போட்டாள். 'டிக்' என்றது. இந்தத் தடவை எனக்கும் கேட்டது.

"எதிர்நார்" என்றாள் அக்கா. கையைத் திருத்தவில்லை. கட்டையை மட்டும் அரைவட்டம் திருப்பி வைத்தாள்.